இணங்கவைக்கும் ஆங்கிலச் சொற்கள்: கேள்வி பதில்

கேள்வி (நாகர்கோவில், கல்லூரி மாணவி): ஐயா, 'கன்வின்ஸ்', 'பெர்சுவேட்' இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: 'கன்வின்ஸ்' மனத்தில் நிகழ்வது, 'பெர்சுவேட்' பெரும்பாலும் செயலில் முடிவது. தோவாளைச் சந்தையில் பிச்சி வாங்க வந்தவரிடம், வாய் திறக்காத மொட்டைக் கையில் எடுத்துக் காட்டி, அன்று பறித்த பூதான் என்று நம்பவைத்தால் அது கன்வின்ஸ். நம்பிய பிறகும் விலையை எண்ணித் தயங்குபவரை ஒரு கிலோ வாங்கவைத்தால் அது பெர்சுவேட். ஆகவேதான் முன்னதற்குப் பின் 'தட்' அல்லது 'ஆஃப்' வருவதும், பின்னதற்குப் பின் 'டு' சேர்ந்த வினைச்சொல் வருவதும் மரபாயின. அமெரிக்க வழக்கில் தொடங்கி 'கன்வின்ஸ்டு ஹிம் டு பை' என்பதும் இன்று பரவலாகிவிட்டது. அதைப் பிழை என்று நான் திருத்துவதில்லை, ஆனாலும் தேர்வில் மரபைப் பின்பற்றுவதே பாதுகாப்பு.

வேர்ச்சொற்களைப் பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் அழகாகத் தெரியும். 'கன்வின்ஸ்' என்பதற்குள் வெல்லுதல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல் இருக்கிறது. 'விக்டரி'யும் அதே வேரிலிருந்து வந்ததுதான். 'பெர்சுவேட்' என்பதற்குள் இருப்பதோ அறிவுரை கூறுதல், அதுவும் இனிமையோடு உறவுடைய சொல்.

கேள்வி (மார்த்தாண்டம், செவிலியர்): வெளிநாட்டு வேலைக்கான நேர்காணலில், மருந்து வேண்டாம் என்ற நோயாளியைப் பற்றி 'ஐ ஃபோர்ஸ்டு ஹிம்' என்றேன். கேட்டவரின் முகமே மாறிவிட்டது. என்ன தவறு ஐயா?

பதில்: நீங்கள் தமிழில் நினைத்தது 'வற்புறுத்தினேன்' என்பதாக இருக்கும். நம் ஊரில் விருந்தாளியின் இலையில் இன்னும் ஒரு கரண்டி அவியல் வைப்பதும் வற்புறுத்தல்தான். அச்சொல்லில் அன்பும் கலந்திருக்கிறது. 'ஃபோர்ஸ்' என்பதில் அந்த அன்பு இல்லை. மருத்துவமனைச் சூழலில் அதைக் கேட்பவர், நோயாளியின் சம்மதமின்றி மருந்தைத் திணித்தீர்கள் என்றே புரிந்துகொள்வார். 'கோயர்ஸ்' இன்னும் கடுமையானது, ஏனெனில் அதில் மிரட்டலும் அடங்கும். 'என்கரேஜ்' என்பதே உங்களுக்குரிய சொல்: 'ஐ எக்ஸ்பிளெய்ன்டு வொய் ஹி நீடட் இட், அண்ட் என்கரேஜ்டு ஹிம் டு டேக் இட்.' விளக்கியதை முதலில் சொல்லுங்கள், ஏனெனில் அவர்கள் கேட்க விரும்புவது அதைத்தான். மருந்து குடிக்க மறுக்கும் குழந்தையைக் கொஞ்சிப் பேசிக் குடிக்கவைத்ததைச் சொல்ல 'கோக்ஸ்' பொருந்தும். பெரியவர்களுக்கு அது வேண்டாம். அவர்களைக் குழந்தையாக நடத்தியது போலாகிவிடும்.

கேள்வி (தூத்தூர்): கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி அமைக்கும் தூண்டில் வளைவு கேட்டு ஆங்கிலத்தில் மனு எழுதுகிறோம். 'ரெக்வெஸ்ட்' மென்மையாகவும் 'டிமாண்ட்' கடுமையாகவும் படுகிறது.

பதில்: 'அர்ஜ்' என்று எழுதுங்கள். மரியாதை குறையாமல் அவசரத்தை உணர்த்தும் சொல் அது. ஆனால் மனுவில் ஒரே ஒரு முறை, கடல் எத்தனை வீடுகளை எடுத்தது என்ற கணக்குக்குப் பின் வரட்டும்.

கேள்வி (தக்கலை): 'இன்ஃப்ளுயன்ஸ்' என்றால் சிபாரிசுதானே?

பதில்: நம் பேச்சில் அப்படிச் சுருங்கிவிட்டது. விண்மீன்களிலிருந்து ஓர் ஆற்றல் மனிதருக்குள் பாய்கிறது என்று அக்கால ஐரோப்பியச் சோதிடர் நம்பியதிலிருந்து வந்த சொல் இது. 'இன்ஃப்ளுயன்சா' காய்ச்சலும் இதன் உடன்பிறப்பு. ஒருவரது பேச்சோ வாழ்க்கையோ மற்றவரிடம் மெல்ல ஏற்படுத்தும் மாற்றமே இதன் பொருள். பெயர்ச்சொல்லாக வரும்போது 'ஆன்' சேரும், வினையாக வரும்போது சேராது.

கேள்வி (குலசேகரம்): 'ஐ சஜெஸ்ட் யூ டு கோ' சரியா?

பதில்: சரியன்று. 'ஐ சஜெஸ்ட் தட் யூ கோ' என்றே எழுத வேண்டும். 'டு' வேண்டுமென்றால் 'அட்வைஸ்' என்ற வினையைப் பயன்படுத்துங்கள்: 'ஐ அட்வைஸ் யூ டு கோ.'