அமெரிக்கப் பள்ளியில் அல்ஜீப்ரா 2 ஆனர்ஸ்: கையெழுத்துப் போடுமுன் எதைப் பார்ப்பது?

"மகள் பத்தாம் வகுப்பு. அல்ஜீப்ரா 2 ஆனர்ஸ் ஆசிரியர் நாலு பக்க சிலபஸ் கொடுத்து, பெற்றோர் கையெழுத்துக் கேட்கிறார். எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆனர்ஸ் என்றால் அதே பாடத்தின் சற்றுக் கடினமான வகுப்பு. சிலபஸ் என்பது இங்கே பாடப் பட்டியல் மட்டுமல்ல, மதிப்பெண், வகுப்பு விதிகள் எல்லாம் அடங்கிய தாள். அதில் முதலில் மதிப்பெண் பங்கீடு. நம் ஊர் மாதிரி ஆண்டுக் கடைசியில் ஒரே பொதுத்தேர்வு என்று கிடையாது. வீட்டுப்பாடம், குவிஸ், டெஸ்ட் எல்லாம் வாராவாரம் கிரேடில் ஏறும். எதற்கு எத்தனை சதவீதம் என்பது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும்.

அப்புறம், கொடுக்காத வேலைக்கு விழும் பூஜ்யம். சம மதிப்புள்ள நாலு வேலையில் மூன்றில் 95 வாங்கி, ஒன்றைக் கொடுக்காமல் விட்டால் சராசரி 71.25. ஏ கிரேடு பிள்ளை ஒரே மறதியில் சி-க்கு இறங்கிவிடும். தாமதமாகக் கொடுத்தால் எத்தனை நாள் வரை வாங்குவார், எவ்வளவு குறைப்பார் என்ற வரியைக் கண்டிப்பாகப் படியுங்கள். மறுதேர்வு உண்டா என்பதையும்தான்.

"வழிமுறை காட்டாவிட்டால் மதிப்பெண் இல்லை" என்று இருந்தால் அது வெறும் கெடுபிடி இல்லை. ஓர் எண்ணோடு 6 கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் வரவேண்டும் என்று வைப்போம். இருபுறமும் வர்க்கப்படுத்தித் தீர்த்தால் 3, −2 இரண்டும் வரும். −2-ஐப் போட்டுப் பார்த்தால் 4-இன் வர்க்கமூலம் 2, பொருந்தாது. அதைத் தள்ளிய அந்த ஒரு வரியைத்தான் ஆசிரியர் தேடுகிறார். கணக்கைப் படம் எடுத்தால் விடை காட்டும் ஃபோட்டோமேத் செயலியைப் பார்த்தே எழுதிப் பழகிய பிள்ளைகள் டெஸ்டில் இங்கே மாட்டிக்கொள்ளலாம்.

கிராஃபிங் கால்குலேட்டர் (வரைபடமும் போட்டுக் காட்டும் கால்குலேட்டர்) கேட்டால் உடனே வாங்கிவிடாதீர்கள், விலை அதிகம். சில பள்ளிகள் இரவல் தரும், கேட்டுப் பாருங்கள்.