பல் டாக்டர் கொடுக்கும் கேஸ்தானே என்கிறான் மகன்

கேள்வி: லண்டனில் படிக்கும் மகனைப் பார்க்கப் போனபோது, அவன் அறையில் சின்னச் சின்ன எஃகுக் குப்பிகளும் பலூன்களும் கிடந்தன. "சிரிப்பூட்டும் வாயு அம்மா, பல் டாக்டரே கொடுக்கிறதுதான்" என்றான். இப்போது பாதம் மரத்துப்போகிறது என்கிறான். பயப்பட வேண்டுமா?

பதில்: ஆமாம் அம்மா, அந்த மரத்துப்போதலுக்காகவே பயப்பட வேண்டும். இன்றே அவனை டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

சிரிப்பூட்டும் வாயு என்பது நைட்ரஸ் ஆக்சைடு. அது உடம்பிலிருக்கும் வைட்டமின் பி12-ஐச் செயலிழக்கச் செய்துவிடும். மின்கம்பிக்கு மேலுறை போல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. பி12 வேலை செய்யாவிட்டால் அந்த உறை சிதையும், தண்டுவடம் வரை பாதிக்கும். விரல் நுனியிலும் பாதத்திலும் மரமரப்பு, நடையில் தள்ளாட்டம், கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, இவையெல்லாம் அதன் அறிகுறிகள். சைவ உணவுக்காரர்களுக்கும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் பி12 ஏற்கெனவே குறைவாக இருக்கக்கூடும் என்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

சரி, பல் டாக்டர் விஷயம். அவர் வெறும் வாயுவைக் கொடுப்பதில்லை. குறைந்தது 30 சதவீதம் ஆக்சிஜன் கலந்துதான் கொடுப்பார். ஆக்சிஜன் நின்றால் வாயுவும் தானாக நின்றுவிடும்படிதான் அந்தக் கருவி இருக்கும். முடிந்ததும் சில நிமிடங்கள் தனி ஆக்சிஜனும் தருவார். குப்பியில் இருப்பதோ முழுக்க நைட்ரஸ் ஆக்சைடு. நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், குப்பியில் அது துளிகூட இல்லை. நமக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால்தான், ஆக்சிஜன் குறைவதால் அல்ல. இந்த வாயுவை இழுத்து விடும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால் மூளை பட்டினி கிடப்பது அவனுக்கே தெரியாது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். மூடிய அறையிலோ காரிலோ தனியாக இருந்தால் உயிரே போகலாம். நேரடியாகக் குப்பியிலிருந்து இழுத்தால் உதடும் தொண்டையும் குளிரில் வெந்துபோகும்.

2023 நவம்பர் முதல் பிரிட்டனில் இது சி பிரிவு போதைப்பொருள். போதைக்காக வைத்திருந்தாலே குற்றம். இந்தப் பயத்தில் டாக்டரிடம் மறைத்துவிடக் கூடாது. நோயாளி சொல்வதை ரகசியமாக வைப்பது டாக்டரின் கடமை. எத்தனை மாதமாக, வாரத்துக்கு எவ்வளவு என்று அவன் உள்ளபடி சொல்லட்டும்.

இன்னொன்று. ரத்தத்தில் பி12 அளவு மட்டும் பார்த்தால் இயல்பாகத் தெரியலாம், ஏனென்றால் சத்து இருந்தும் வேலை செய்வதில்லை. பி12 வேலை செய்யாதபோது ரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீன், மெத்தில் மலோனிக் அமிலம் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேட்கட்டும். சிகிச்சை, வாயுவை அடியோடு நிறுத்துவதும் பி12 ஊசியும்தான். சீக்கிரம் தொடங்கினால் பலரும் நன்றாகத் தேறுகிறார்கள். வாயுவைத் தொடர்ந்துகொண்டே பி12 மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தனியாகச் சாப்பிடவும் கூடாது, நரம்புச் சேதம் கூடலாம்.

அவனோடு தங்கியிருக்கும் பையன்களிடமும் பேசிவையுங்கள். யாராவது மயங்கி விழுந்தால் பலூனை அகற்றி, ஜன்னலைத் திறந்து, 999-ஐ அழைக்க வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால், போனில் இருப்பவர் சொல்லச் சொல்ல நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.