பிரஸ்ஸுக்குக் காது கிடையாது

பட்டறைப் பாதுகாப்பு: வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் (தகட்டை அடித்து வெட்டுகிற, வளைக்கிற மெஷின்) ஆபரேட்டராகச் சேர்ந்து, அச்சுகள் செய்யும் டூல்ரூமில் ஃபிட்டராகி, கடைசிப் பதினைந்து வருடங்கள் சிறு பட்டறைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: திருமுடிவாக்கத்தில் சின்னதாக ஒரு பிரஸ் ஷாப் வைத்திருக்கிறேன். 20 டன் பிரஸ் இரண்டு, 30 டன் ஒன்று. மூன்றும் 'பின் கிளட்ச்' வகை. ஏழு பேர் வேலை செய்கிறார்கள். போன மாதம் ஒரு பையனுக்கு நடுவிரல் நுனி போய்விட்டது. 'கவனமா இருங்கப்பா' என்று சொல்லாமல் ஒருநாள்கூட நான் மெஷினைப் போடவிட்டதில்லை. ஆர்டர் கொடுக்கும் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர் மூன்றுக்கும் லைட் கர்ட்டன் போடச் சொல்கிறார். கடன் வாங்கிப் போட்டுவிடட்டுமா?
– பட்டறை உரிமையாளர், திருமுடிவாக்கம்

பதில்: கடன் வாங்காதீர்கள். ஆடிட்டர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் உங்கள் பிரஸ்ஸின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்.

லைட் கர்ட்டன் என்பது ஒளியால் ஆன வேலி. கை குறுக்கே போனால் மெஷினுக்கு 'நில்' என்று உத்தரவு போகும். காற்றில் இயங்கும் ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் பிரஸ் அந்த உத்தரவைக் கேட்டு, மேலிருந்து இறங்கி அடிக்கிற ராம் என்ற பாகத்தை நடுவழியிலேயே நிறுத்திவிடும். பின் கிளட்ச்சுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. பெடலை மிதித்ததும் 'பின்' என்கிற இரும்பு முளை போய், சுற்றிக்கொண்டிருக்கிற கனச் சக்கரமான ஃப்ளைவீலில் மாட்டும். மாட்டிய பிறகு ராம் கீழே போய், மேலே வந்து, ஒரு முழுச் சுற்று முடித்தால்தான் விடும். நடுவில் மோட்டாரை அணைத்தாலும் பயனில்லை. ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கிற வேகமே அந்தச் சுற்றை முடித்துவிடும். இந்த மெஷினில் லைட் கர்ட்டனை மாட்டிவிட்டு, 'இனிமேல் பயமில்லை' என்று பையன்களிடம் சொன்னீர்களானால் முன்பைவிட ஆபத்து. இதுவரை பயந்து பயந்து உள்ளே போன கை இனி தைரியமாகப் போகும்.

அந்தப் பையனிடம் ஒன்று கேட்டீர்களா? கால் பெடலில் இருந்ததா, எடுத்த பிறகு அடித்ததா?

1986-இல் எனக்கு 22 வயது. ஒரு சின்ன பிராக்கெட், பீஸ் ரேட் வேலை, அதாவது அடித்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. வலது கையால் பிளாங்கை (வெட்டிய தகட்டுத் துண்டை) வைக்க வேண்டும், மிதிக்க வேண்டும், அடித்த பீஸை இடது கையால் எடுக்க வேண்டும். சாயங்கால ஷிப்ட் முடிய அரை மணி நேரம் இருக்கும். மிதித்தேன், காலை எடுத்தேன், பீஸை எடுக்க இடது கை போனது. ராம் இன்னொரு தடவை இறங்கியது. எங்கள் பாஷையில் 'டபுள் அடிச்சிடுச்சு'. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போச்சு. முதலாளி கெட்டவர் இல்லை. சாத்துக்குடியோடு ஆஸ்பத்திரிக்கு வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, 'கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமேப்பா' என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். மூன்று வருடம் அதையே நம்பினேன். டூல்ரூமுக்கு மாறி, அதே பிரஸ்ஸைப் பிரித்து மாட்டும் வேலை என்னிடமே வந்தபோதுதான் பார்த்தேன். பின்னின் முனை பழைய செருப்பு மாதிரி தேய்ந்திருந்தது. பெடல் ஸ்பிரிங்கை யாரோ கட்டுக்கம்பி போட்டு முறுக்கி வைத்திருந்தார்கள். நான் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் அந்த மெஷின் அன்றைக்கோ மறுநாளோ யாருக்காவது டபுள் அடித்திருக்கும்.

ஆகவே உங்கள் மூன்று பிரஸ்ஸுக்கும் நான் சொல்வது, கை உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லாமல் செய்யுங்கள் என்பதுதான். பட்டைத் தகட்டிலிருந்து பிளாங்க் அடிக்கிற வேலைக்கு டையை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை) சுற்றிக் கூண்டு கட்டிவிடலாம். தகடு நுழைய மட்டும் இடைவெளி, 6 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அதில் விரல் நுழையாது. உங்கள் டூல்ரூமில் ஒரு நாள் வேலை. பிளாங்கை ஒவ்வொன்றாக வைத்து வளைக்கிற வேலைதான் தலைவலி. அதற்கு டைக்கு முன்னால் சின்னத் தள்ளுபலகை ஒன்று செய்து, பிளாங்கை வெளியிலேயே வைத்து உள்ளே தள்ளச் செய்யுங்கள். அதுவும் முடியாத ஜாபுக்கு இடுக்கி, இல்லாவிட்டால் காந்தம் வைத்த குச்சி. இடுக்கியை அலுமினியத்தில் செய்யுங்கள். தவறி டைக்குள் மாட்டினாலும் இடுக்கிதான் நசுங்கும், டை உடையாது. டை உடைந்துவிடும் என்ற பயத்தில்தான் பல முதலாளிகள் இடுக்கியே வேண்டாம் என்கிறார்கள். அந்தக் கணக்கில் விரல் எந்தப் பக்கம் வருகிறது என்று நான் இதுவரை யாரிடமும் சண்டை போட்டதில்லை, அலுமினியம் என்று மட்டும் சொல்வேன். கேட்டுக்கொள்வார்கள்.

பெடலுக்கு மேலே தகட்டில் மூடி போடுங்கள், கீழே விழுகிற பீஸ் பெடலை அமுக்கிவிடக் கூடாது. இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் இருந்தால் கழற்றி எறிந்துவிட்டு, கம்பி கோத்த அமுங்கு ஸ்பிரிங்காக மாற்றுங்கள். இழு ஸ்பிரிங் அறுந்தால் பிடிமானமே போய்விடும். அமுங்கு ஸ்பிரிங் உடைந்தாலும் துண்டுகள் கம்பியிலேயே நின்று வேலையைச் செய்யும். டை மாற்றும்போது மோட்டாரை அணைத்ததோடு விடாமல் ஃப்ளைவீல் சுற்றி ஓயும்வரை நின்று, ராமுக்குக் கீழே முட்டுக்கட்டை கொடுத்த பிறகு கையை உள்ளே விடச் சொல்லுங்கள்.

கார்டு (கையைத் தடுக்கிற இந்தக் கூண்டு) போட்டால் மணிக்கு இத்தனை பீஸ் குறைகிறது என்று உங்கள் ஆட்களே கழற்றுவார்கள். ஒரு பட்டறையில் 'கார்டு எங்கே?' என்றேன். பீரோ மேலிருந்து தூசி தட்டி இறக்கிக் காட்டினார்கள், பெயின்ட்கூட உரியவில்லை. பீஸ் ரேட்டையும் கார்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு கார்டு ஜெயிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கூண்டு கட்டிய ஜாபுக்கு ரேட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கழற்ற மாட்டார்கள்.

நம் ஊரில் மெஷின் முழுசாக நிற்கிற ஒரே நாள் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். துடைத்து, பொட்டு வைத்து, பூசணிக்காய் வாங்க ஆள் அனுப்புவதற்கு முன்னால் பக்கவாட்டு மூடியைத் திறந்து பின், பிரேக், ஸ்பிரிங் மூன்றையும் பார்த்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை என்பது போதாது, ஆனால் பல பட்டறைகளில் அதுவும் நடப்பதில்லை.

கேள்வி: எங்கள் ஷெட்டில் புது சூப்பர்வைசர் எல்லோரும் எப்போதும் கையுறை போட வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். டிரில்லிங் மெஷினில் எனக்கு அது உறுத்துகிறது. போடாவிட்டால் ஐம்பது ரூபாய் பிடித்தம்.
– டிரில்லர், ஓசூர்

பதில்: உங்கள் உறுத்தல் சரி, தம்பி. சுற்றுகிற டிரில் பிட், லேத் சக் பக்கத்தில் துணிக் கையுறை கூடவே கூடாது. ஒரு நூல் மாட்டினால் போதும், கையோடு இழுத்துச் சுற்றிவிடும். வெறும் தோல் என்றால் பெரும்பாலும் கீறலோடு போகும். அதே காரணத்துக்காக முழுக்கைச் சட்டை, கழுத்துத் துண்டு, மோதிரம், மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு எல்லாம் வெளியே. கயிற்றைக் கழற்ற மனமில்லாதவர்கள் அரைஞாணில் முடிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன், சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தகடு தூக்கும்போதும் பர் (வெட்டிய ஓரத்துக் கூர்ப் பிசிறு) உள்ள பீஸை எண்ணும்போதும் கையுறை கட்டாயம் போடுங்கள். சூப்பர்வைசரிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள். அப்படியே பீஸைக் கையால் பிடிக்காமல் வைஸில் இறுக்கி ஓட்டை போடுகிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு 30 வயது. சென்னையில் ஒரு பட்டறையில் மாதம் 14,000 ரூபாய்க்கு வேலை செய்தான். 2024 ஜூன் மாதம் பிரஸ்ஸில் வலது கையில் இரண்டு விரல் முழுசாகப் போய்விட்டது. அங்கே எட்டுப் பேர்தான், அதனால் இ.எஸ்.ஐ. கிடையாது என்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவில் பாதியும் கையில் இருபதாயிரமும் கொடுத்து, 'இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார் முதலாளி. 'உன் தம்பி கவனக்குறைவு' என்கிறார். அவ்வளவுதானா?
– அக்கா, விழுப்புரம்

பதில்: இல்லை அம்மா. இ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர் வேண்டும் என்பது உண்மை. (எட்டுப் பேர்தானா என்று ஒருமுறை நீங்களே எண்ணிப் பாருங்கள். லோடு இறக்குகிறவர், கூட்டுகிற அம்மா, ஹெல்ப்பர் பையன் எல்லோரும் கணக்கில் உண்டா?) இ.எஸ்.ஐ. இல்லாத இடத்துக்கென்றே 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, ஆனாலும் 2024-இல் நடந்த விபத்துக்கு அந்தப் பழைய சட்டம்தான் கணக்கு.

அதன் பின்னால் ஓர் அட்டவணை. எந்த விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கணக்கு என்று விரல் விரலாகப் போட்டிருக்கும். கட்டைவிரல் 30. நான்கு விரல் 50. ஒரு கையில் இரண்டு விரல் 20. என்னுடைய இரண்டு கணு 11. முதல் தடவை அதைப் படித்தபோது இறைச்சிக் கடை விலைப் பலகை மாதிரி இருந்தது எனக்கு. ஆனாலும் அதுதான் பிடிமானம்.

கணக்கு இப்படி. மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 8,400. 30 வயதுக்கு உரிய காரணி 207.98. இரண்டையும் பெருக்கினால் 17 லட்சத்து 47 ஆயிரத்துச் சொச்சம். அதில் 20 சதவீதம், ஏறக்குறைய 3 லட்சத்து 49 ஆயிரம். வைத்தியத்துக்கு ஆன செலவு இதற்கு மேல் தனி. பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

கையெழுத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்குகிற ஒப்பந்தம் அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி செல்லாது. அடுத்தது 'கவனக்குறைவு'. அந்தச் சட்டம் அதை ஒரு சாக்காக ஏற்பதில்லை. குடித்திருந்தான், வேண்டுமென்றே உத்தரவை மீறினான், இருந்த கார்டைத் தெரிந்தே கழற்றினான் என்றால்தான் முதலாளி தப்பிக்கப் பார்க்க முடியும். அந்தப் பிரஸ்ஸில் கார்டு என்று ஒன்று இருந்ததா என்று தம்பியிடம் கேளுங்கள். இல்லாததை யாரும் கழற்ற முடியாது. மனுவைத் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிடுங்கள். சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் வங்கியில் சம்பளம் ஏறிய பக்கம், ஜிபே வரவு, கூட வேலை செய்தவர் ஒருவரின் சாட்சி என்று கிடைப்பதையெல்லாம் இப்போதே சேர்த்து வையுங்கள். கூட வேலை செய்தவர்கள் ஊர் மாறிவிடுவார்கள், அதுதான் எப்போதும் நடப்பது.

கேள்வி: ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண். பத்து மணி நேரம் நிற்கிறேன். காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரிகிறது. இதுவெல்லாம் உங்கள் பகுதியில் கேட்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாக. மெஷின் இல்லாத கடையிலும் உடம்பு தேயத்தானே செய்கிறது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் வந்தது. ஊழியர் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்க்கும் போதெல்லாம் உட்கார விட வேண்டும் என்கிறது. இருக்கை இருந்தும் 'கஸ்டமர் பார்த்தால் மரியாதையில்லை' என்று உட்கார விடாத கடைகளை எனக்குத் தெரியும். தனியாகப் போய்க் கேட்காதீர்கள், நாலைந்து பேராகப் போங்கள். நரம்புக்கு டாக்டரைப் பாருங்கள். அதற்குள் வீட்டில் காலை உயர்த்தி வைத்துப் படுங்கள்.

கேள்வி: வெட்டுக்காயத்தில் காப்பித்தூள் வைக்கக் கூடாது என்று போன இதழில் எழுதினீர்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வைக்கிறோம். ஒன்றும் ஆகவில்லை.
– வாசகர், கும்பகோணம்

பதில்: வாழைக்காய் நறுக்கும்போது பட்ட கீறலுக்கு எதை வைத்தாலும் ஆறிவிடும், அதனால் மூன்று தலைமுறையும் தப்பித்தது. பட்டறைக் காயம் வேறு. அந்தத் தூளைக் கழுவி எடுப்பதற்கே டாக்டருக்கு நேரம் போகும். விரல் துண்டானால் தையல் போட்டு உயிர் கொடுக்க வேண்டிய ரத்தக் குழாய் நூல் தடிமன்தான் இருக்கும், அதன் மேல் காப்பித்தூளா?

சுத்தமான துணியால் காயத்தை அழுத்திக் கையை உயரப் பிடியுங்கள். துண்டான விரலைத் தேடி எடுத்து, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். நேராக ஐஸ் மேல் வைத்தால் சதை வெந்த மாதிரி ஆகிவிடும், பிறகு ஒட்டாது. கை அறுவைக்கென்று தனிப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரி உங்கள் பக்கம் எது என்று இப்போதே விசாரித்துச் சுவரில் எழுதி வையுங்கள். சென்னையில் ஸ்டான்லியில் உண்டு. பையைக் காயம்பட்டவரோடு அதே வண்டியில் ஏற்றுங்கள். பின்னால் பைக்கில் வந்தவரிடம் கொடுத்துவிட்டு, அவர் பாடி மேம்பாலத்து நெரிசலில் மாட்டிக்கொள்ள, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் விரலுக்காகக் காத்திருந்திருக்கிறோம்.