பக்கி வண்டிக்கு வீட்லயே மெஷ் கிரில் செஞ்சேன், இன்சூரன்ஸ் கிளெய்மை மறுத்துட்டாங்க, என்ன செய்றது?

தென்னாப்பிரிக்கால டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். கிளேர்வுட் மார்க்கெட்ல காய்கறி எடுத்து கடைகளுக்குப் போடுறவர், அதுக்குன்னு ஒரு பக்கி வச்சிருக்கார், அதான் பிக்கப் வண்டி. கல்லடிச்சு முன்னாடி பிளாஸ்டிக் கிரில் ஒடஞ்சு போச்சு, ஒரிஜினல் வெலை கட்டுப்படியாகல. ஹார்டுவேர் கடைல அலுமினிய மெஷ் வாங்கி, தகரக் கத்தரியால வெட்டி, கருப்பு ஸ்பிரே அடிச்சு, பழைய சட்டத்துலயே கேபிள் டை போட்டு கட்டிட்டார். நம்பர் பிளேட் மாட்டுற இடமும் ஒடஞ்சிருந்ததால பிளேட்டை மெஷ்ஷுக்குப் பின்னால வச்சுட்டார். ஹிகின்சன் ஹைவேல டிராஃபிக் ஆபீசர் நிறுத்தி நோட்டீஸ் குடுத்தார், அது நடந்து ரெண்டு வாரத்துல மழையில முன்னால போன காரை இடிச்சுட்டார். இப்ப இன்சூரன்ஸ்காரங்க "சொல்லாம வண்டிய மாத்தியிருக்கீங்க, வண்டி ரோட்வொர்தி இல்ல, அதாவது ரோட்டுல ஓட்டத் தகுதியா இல்ல"ன்னு லெட்டர் போட்டு கிளெய்மை மறுத்துட்டாங்க. அந்தக் கார்க்காரர் 18,000 ராண்ட் கேக்கறார். "நான் கிரில் செஞ்சதே குத்தமா மேடம், வாரன்டியும் போயிடுமா"ன்னு கேட்டிருக்கார்.

தம்பி, கிரில் செஞ்சது குத்தம் இல்ல. கையால செஞ்ச கிரில் போடக்கூடாதுன்னு தனியா ஒரு சட்டம் இங்க கெடையாது. மெஷ் எதை மறைக்குது, வெட்டின முனை ஆள் மேல கிழிக்கிற மாதிரி வெளிய நீட்டிட்டு இருக்கா, இதத்தான் பாப்பாங்க. உங்க தப்பு பிளேட்லதான். ரோடு டிராஃபிக் ரெகுலேஷன்ஸ் 2000, அதுல 35ஆவது விதி, ஒவ்வொரு எழுத்தும் எண்ணும் தெளிவா படிக்கிற மாதிரி இருக்கணும், நேரா நிக்கணும், சாஞ்சா 15 டிகிரிக்குள்ள, தரைல இருந்து 1.5 மீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு சொல்லுது. வலைக்குப் பின்னால பிளேட் வச்சா இதுல நிக்காது, அதனால அந்த நோட்டீஸை எதிர்த்துப் போராடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பிளேட்டை முன்னால எடுத்து, கையால புடுங்க முடியாத மாதிரி ரிவிட் அடிச்சு, ஃபோட்டோ எடுத்து, ஃபைனைக் குறைக்கச் சொல்லி பிராசிக்யூட்டருக்கு எழுதிக் குடுங்க, கேக்கலாம், தப்பில்ல. ஆபீசர் கையில குடுத்த நோட்டீஸ்னா அது கிரிமினல் புரொசீஜர் ஆக்ட் செக்ஷன் 56 நோட்டீஸாத்தான் இருக்கும், அதுல கோர்ட் தேதி போட்டிருக்கும். ஃபைனும் கட்டாம அந்தத் தேதிக்கும் போகாம விட்டா வாரன்ட் வரும், அத மட்டும் அசால்ட்டா விட்டுடாதீங்க.

இப்ப இன்சூரன்ஸ். எனக்கு மனசு கொதிக்கிறது இங்கதான். சின்னத் தொழில் பண்றவங்க "மறுத்தாச்சு"ன்னு ஒரு லெட்டர் வந்த ஒடனே அதோட முடிஞ்சுதுன்னு வண்டியவும் விட்டு தொழிலயும் விட்டு உக்காந்துடறாங்க, அந்த லெட்டர் அவங்க பக்கத்து வாதம் மட்டும்தான், தீர்ப்பு இல்ல.

"சொல்லல"ங்கிறத முதல்ல எடுத்துக்குவோம். ஷார்ட் டேர்ம் இன்சூரன்ஸ் ஆக்ட் 1998, செக்ஷன் 53 என்ன சொல்லுதுன்னா, நீங்க ஒண்ண மறைச்சீங்கன்னு பாலிசிய மறுக்கணும்னா, பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ ரிஸ்க்க கணக்குப் போடறதை அந்த விஷயம் பெருசா பாதிச்சிருக்கணும், அதுவும் இன்சூரன்ஸ்காரங்க நெனப்புப்படி இல்ல, நிதானமா யோசிக்கிற ஒரு சாதாரண ஆள் இத சொல்லியே ஆகணும்னு நெனப்பாரான்னுதான் பாக்கணும். நீங்க மெஷ் போட்டது பாலிசி ஓடிட்டிருக்கும்போது. அப்ப கேள்வி என்னன்னா, போட்டதுக்கப்புறம் பாலிசி ரினியூ ஆச்சா? ஆகலன்னா இந்த வாதம் ரொம்ப வீக். ஆனா "வண்டில மாற்றம் செஞ்சா தெரிவிக்கணும்"னு பாலிசிக்குள்ளயே ஒரு வரி இருக்கலாம், அதனால முழு பாலிசிய தேடி எடுங்க, முதல் பக்கத்து ஷெட்யூல் மட்டும் பத்தாது.

அடுத்தது ரோட்வொர்தி. இப்படி இருந்தா பணம் தர மாட்டோம்னு பாலிசில எழுதியிருக்கிற விலக்கு வரிய காட்டி மறுக்கிறவங்கதான் அத நிரூபிக்கணும், அந்தப் பாரம் உங்க மேல இல்ல. வரிய எழுத்தெழுத்தா படிங்க, "ரோட்வொர்தி இல்லாதது விபத்துக்குக் காரணமா இருந்தா"ன்னு இருக்கா, இல்ல வெறுமனே "ரோட்வொர்தி இல்லன்னா"ன்னு இருக்கான்னு. முதல் மாதிரி இருந்தா நீங்க கிட்டத்தட்ட பாதி ஜெயிச்சாச்சு, ஏன்னா நீங்க மழையில பிரேக் புடிச்சு வழுக்கி இடிச்சீங்க, அதுக்கும் முன்னாடி இருக்கிற அலுமினிய வலைக்கும் என்ன சம்பந்தம்? டயர், பிரேக் எப்படி இருந்துதுன்னு கேப்பாங்க, அதுதான் உண்மையான கேள்வி, அதனால வண்டிய ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி டயரையும் பிரேக்கையும் ஒரு நல்ல மெக்கானிக்க பாக்க வச்சு எழுத்துல ரிப்போர்ட் வாங்குங்க. பழைய மெஷ்ஷ தூக்கிப் போட்டுடாதீங்க. வண்டி சேதத்தைப் பாக்க அவங்க அனுப்பின அசஸ்ஸரோட ரிப்போர்ட்டயும் எழுத்துல கேளுங்க.

நாள் கணக்கு முக்கியம். மறுப்பு லெட்டர் கையில கெடச்ச நாள்ல இருந்து 90 நாள் உங்களுக்கு இருக்கு, அதுக்குள்ள கம்பெனிக்கே உங்க பதில எழுதலாம், அந்த 90 நாள் முடிஞ்சப்புறம் கேஸ் போட கொறஞ்சது இன்னும் 6 மாசம் குடுத்தாகணும். அவங்க மசியலன்னா நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட் கிட்ட போங்க, அதான் புகாரை விசாரிச்சு தீர்த்து வைக்கிற அமைப்பு, 2024 மார்ச்ல இருந்து இன்சூரன்ஸ் புகாரெல்லாம் அங்கதான், உங்களுக்கு செலவு கெடையாது, எது நியாயம்ங்கறதயும் அவங்க பாக்கலாம்.

அந்தக் கார்க்காரர் கிட்ட "என் தப்புதான், தர்றேன்"னு எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க, வாட்ஸ்ஆப்லயும் எழுதாதீங்க, இன்சூரன்ஸ்காரங்க அதயே இன்னொரு காரணமா எடுத்துக்குவாங்க. ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்ல 20,000 ராண்ட் வரைக்கும் கேஸ் போடலாம், அதனால அவர் அங்க போக வாய்ப்பிருக்கு. அங்க வக்கீல் உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே போகணும். சம்மன் வந்தா அன்னைக்கே ஒரு காப்பி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புங்க, மறுத்திருந்தாலும் அனுப்புங்க.

வாரன்டி பத்தி, மெஷ் போட்டதால மட்டும் மொத்த வாரன்டியும் போகாது, ஆனா மெஷ் ரொம்ப நெருக்கமா இருந்து ரேடியேட்டருக்குக் காத்து பத்தாம இன்ஜின் சூடாகி கெட்டுப்போச்சுன்னா அந்த சேதத்துக்கு அவங்க மறுக்கலாம், அது நியாயமும்கூட. கண்ணு பெருசா இருக்கிற மெஷ்ஷா மாத்துங்க, ஓரத்த மடிச்சு உள்ள விடுங்க, ஹெட்லைட் பக்கம் வரவே கூடாது. மாத்தினதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஃபோட்டோவோட ஒரு ஈமெயில் போடுங்க. லெட்டர் உங்க கைக்கு என்னைக்கு வந்துதுன்னு இப்பவே காலண்டர்ல குறிச்சு வச்சுட்டு, பாலிசியோட அந்த ரோட்வொர்தி பக்கத்த மட்டும் ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, கம்பெனிக்கு எழுத வேண்டிய பதில நானே எழுதித் தர்றேன்.