பிள்ளை இரவெல்லாம் தண்ணீர் கேட்டால் அன்றைக்கே பாருங்கள்

கேள்வி: எனக்கு 41 வயது. கணவருக்கு எட்டு வருடமாகச் சலரோகம், குளிசை எடுக்கிறார். இளைய மகனைச் சுமந்தபோது எனக்கும் சீனி கூடியிருந்தது. இப்போது மதியம் சோறு சாப்பிட்டதும் நித்திரை தூக்குகிறது, இரவில் கை விறைக்கிறது, இனிப்பில் ஆசை கூடிவிட்டது. வீட்டு மெசினில் காலையில் பார்த்தால் சீனி 104. எனக்கு வந்திருப்பது முதலாம் வகையா, இரண்டாம் வகையா? பத்து வயதான இளைய மகனும் ஒரு மாதமாக மெலிகிறான். இரவில் எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறான், சில நாட்களில் பாயையும் நனைத்துவிடுகிறான். புலமைப்பரிசில் பரீட்சைப் பயம் என்கிறார்கள். பாவற்காய்ச் சாறு கொடுத்து வருகிறேன். வயிற்றில் இருந்தபோதே நான் அவனுக்குக் கொடுத்துவிட்டேனோ?
வாசகி, சாவகச்சேரி

பதில்: உங்களைப் பற்றிய கேள்விகள் பொறுக்கும், மகனைப் பற்றி எழுதிய வரிகள் பொறுக்காது. ஆகையால் இப்பதில் வெளியாகும்வரை காத்திராமல், கடிதத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அன்றே அழைத்துச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவனுடைய பரிசோதனை முடிவு உங்கள் குடும்பத்துக்குரியது என்பதால் அதை இங்கே எழுதமாட்டேன். ஆனால், இதே அறிகுறிகளோடு ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடியட்டும், தவணை விடுமுறை வரட்டும் என்று நாளைக் கடத்தும் பெற்றோர் வேறும் இருப்பார்கள். அவர்களையும் மனதில் வைத்தே விரிவாக எழுதுகிறேன்.

படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்டுப்போன பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்குவதும், தாகம் தாங்காமல் இரவில் எழுவதும், வழமைபோலச் சாப்பிட்டும் உடல் மெலிவதும் ஒன்றுசேர்ந்து வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை முதலாம் வகை நீரிழிவு என்றே எண்ணி, அன்றைக்கே இரத்தத்தில் சீனியைப் பார்க்க வேண்டும். நாளைக் காலை வெறும் வயிற்றோடு ஆய்வுகூடத்துக்குப் போவோம் என்பது பெரியவர்களுக்குப் பொருந்தும் ஏற்பாடு. இப்படியான பிள்ளையிடம் அந்த ஓர் இரவையும் வீணாக்கக் கூடாது. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் விரல் நுனியிலிருந்து எடுக்கும் ஒரு துளி இரத்தம் போதும். இந்த அறிகுறிகள் இருக்கும்போது எந்நேரத்தில் பார்த்தாலும் டெசிலீற்றருக்கு 200 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் காட்டினால், மேற்கொண்டு வீட்டில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. பிள்ளையை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

உங்கள் வீட்டு அலுமாரியில் கணவருக்காக வாங்கிய குளுக்கோமீற்றர் இருக்கிறது. அதில் உங்கள் சீனியைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், மகனுடையதைப் பார்க்கவில்லை. அது மறதி என்று நான் நினைக்கவில்லை. இலக்கம் என்ன சொல்லுமோ என்ற பயம்தான் உங்கள் கையைத் தடுத்திருக்கிறது. அந்தப் பயத்தை நான் விளங்கிக்கொள்கிறேன், ஆனால் மதிக்க முடியாது, ஏனெனில் நாம் பார்க்காவிட்டாலும் சீனி ஏறிக்கொண்டுதான் இருக்கும். பார்ப்பதற்கு முன் பிள்ளையின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தின்ற விரலில் குத்தினால் மெசின் மாம்பழத்தின் சீனியையும் சேர்த்தே காட்டும்.

உடலுக்குள் நடப்பது இதுதான். சதையி என்ற கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீற்றா கலங்களை, கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே தாக்கி அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாமல் குளுக்கோசு தசைகளுக்குள் போக முடியாது; வாசலில் நெல்மூட்டை குவிந்திருக்க வீட்டுக்குள் பட்டினி கிடப்பது போன்ற நிலை இது. இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டியதும் சிறுநீரகத்தால் அதைத் தடுத்துவைக்க முடியாமல் சிறுநீரோடு போகவிடுகிறது, அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. பாய் நனைவதும் தாகமும் இதனால் வருபவை. தண்ணீர் குடிப்பதால் சிறுநீர் கூடுகிறது என்று எண்ணி இரவில் செம்பை எடுத்து ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பட்டினி கிடக்கும் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அப்போது உண்டாகும் கீற்றோன்கள் இரத்தத்தை அமிலமாக்கும்போது பிள்ளைக்கு வாந்தி, வயிற்றுக்குத்து, ஆழ்ந்து வேகமாக இழுக்கும் மூச்சு, மூச்சில் பழவாசனை, பின்னர் அரைமயக்கம் என்று வரும். நான் மிகவும் அஞ்சுவது இந்தக் கட்டத்துக்கே. வயிற்றுக்குத்தைக் குடல்வால் அழற்சி என்றும், மூச்சை இழுப்பு என்றும், வாந்தியைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதது என்றும் எண்ணி, மருந்துக்கடையில் ஏதோ ஒன்றை வாங்கிக் கொடுத்து ஒரு பகலைத் தொலைத்துவிடுகிறார்கள். எல்லாத் தாய்மாரும் கவனிக்கக்கூடிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. சாதாரண வாந்தி பேதியில் உடல் வறண்ட பிள்ளைக்குச் சிறுநீர் நன்றாகக் குறைந்துவிடும். நாக்கு வறண்டு, கண் குழி விழுந்தும் சிறுநீர் மட்டும் தாராளமாகப் போகிறதென்றால் அது நீரிழிவின் அமில நிலையாக இருக்கலாம். அங்கே மணித்தியாலங்கள்தான் கணக்கு. அருகில் உள்ள ஆதார வைத்தியசாலைக்கோ யாழ் போதனா வைத்தியசாலைக்கோ போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குப் பணம் இல்லை.

கணவரின் மெற்போமின் குளிசையில் பாதியைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். கூடாது. அது உடலில் இருக்கும் இன்சுலினை நன்றாக வேலை செய்ய வைக்கும் மருந்து. இல்லாத இன்சுலினை அதனால் உண்டாக்க முடியாது. பாவற்காய்ச் சாறும் அப்படியே. பாவற்காயைக் கறியாகச் சமைத்துத் தின்னுங்கள், நல்லது. அதை நம்பி ஒரு பிள்ளையின் இன்சுலினைத் தாமதிப்பது உயிரோடு விளையாடுவது. இன்சுலின் போட்டால் பழகிவிடும், சிறுநீரகம் பழுதாகிவிடும் என்று யூரியூப்பில் பேசுபவர்களுக்கு உங்கள் பிள்ளை மயங்கி விழும் இரவில் எந்தப் பொறுப்பும் இருக்காது. சிறுநீரகத்தைக் கெடுப்பது பல வருடங்கள் கட்டுப்படாமல் இருக்கும் சீனிதான்.

எங்கள் உறவுகள் இத்தனை பேர் குடியிருக்கும் ரொறன்ரோவில்தான் 1922 ஜனவரியில், லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. எலும்பும் தோலுமாகச் சாகக் கிடந்த அவன் அதன் பின்னர் 13 வருடங்கள் வாழ்ந்தான். அதற்கு முன்னர் இந்த நோய் கண்ட பிள்ளைகள் மாதக்கணக்கில், மிஞ்சினால் இரண்டொரு வருடத்தில் இறந்துபோனார்கள். இன்று அதே இன்சுலின் அரச வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டே படிக்கலாம், விளையாடலாம், பரீட்சையும் எழுதலாம்.

இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில் வரக்கூடிய ஒரு தவறான நம்பிக்கையையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எஞ்சியிருக்கும் பீற்றா கலங்கள் சற்று ஓய்வு கிடைத்ததும் மீண்டும் சுரக்கத் தொடங்குவதால், சில பிள்ளைகளுக்குச் சில மாதங்கள்வரை மிகக் குறைந்த அளவு ஊசியே போதுமாக இருக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது கொடுத்த கசாயத்துக்குப் பெயர் வந்துவிடும், வருத்தம் மாறிவிட்டது என்று வீட்டார் ஊசியை நிறுத்திவிடுவார்கள். வருத்தம் மாறவில்லை. அளவைக் குறைப்பதும் கூட்டுவதும் கிளினிக்கில் மட்டும் நடக்க வேண்டும்.

இனி, நீங்கள் உண்மையில் கேட்க வந்த கேள்வி. இல்லை, அம்மா, நீங்கள் கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேருக்குச் சீனி என்றவுடன் எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்துவிட்டீர்கள். உங்கள் கணவருக்கு இருப்பது இரண்டாம் வகை: இன்சுலின் சுரக்கும், ஆனால் உடல் அதற்குச் சரியாகப் பணியாது, காலப்போக்கில் சுரப்பும் குறையும். பரம்பரை, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, உடல் அசைவு குறைந்த வாழ்க்கை ஆகியன அதற்குக் காரணம். உங்களுக்குக் கர்ப்பத்தில் வந்தது, நச்சுக்கொடியின் ஓமோன்கள் இன்சுலினைத் தடுப்பதால் உண்டாகிப் பிரசவத்தோடு பெரும்பாலும் தணிந்துபோவது. இவ்விரண்டும் பிள்ளையின் முதலாம் வகைக்குக் காரணம் ஆகா. முதலாம் வகை வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோரின் பெற்றோருக்கோ சகோதரருக்கோ அந்த வகை இருப்பதே இல்லை. நீங்கள் கொடுத்த இனிப்பாலோ, அவன் பிறந்தநாளுக்குத் தின்ற கேக்காலோ, பரீட்சைப் பயத்தாலோ அது வருவதும் இல்லை. கர்ப்பகாலச் சீனியால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் உடற்பருமனும் இரண்டாம் வகையும் வரும் வாய்ப்புச் சற்றுக் கூடும் என்பது உண்மைதான். ஆனால் மெலிந்துகொண்டிருக்கும் பத்து வயதுப் பையனின் கதை அதுவல்ல.

உங்கள் வருத்தங்களுக்கு வருகிறேன். மதியச் சோற்றுக்குப் பின் நித்திரை வருவது நோய் அல்ல. சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டுங்கள். இனிப்பு ஆசை நீரிழிவின் அறிகுறியும் அல்ல. அதற்காகச் சீனியை விட்டுப் பனங்கட்டிக்கு மாறினால் தப்பலாம் என்று எண்ண வேண்டாம், இரத்தத்தில் இரண்டும் சீனிதான். நீரிழிவால் வரும் விறைப்பு பெரும்பாலும் காலில் தொடங்கும். இரவில் கை மட்டும் விறைத்து, உதறினால் சரியாவது பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதால் வருவது.

104 என்பதை மட்டும் ஒதுக்கிவிட மாட்டேன். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் நீரிழிவு, 100 முதல் 125 வரை அதற்கு முந்திய நிலை என்பது பலர் கைக்கொள்ளும் கணக்கு. ஆனால் வீட்டு மெசின் நூற்றுக்குப் பதினைந்து வரை கூட்டியோ குறைத்தோ காட்டலாம் என்பதால், உங்கள் 104 உண்மையில் 90 ஆகவும் இருக்கலாம், 118 ஆகவும் இருக்கலாம். எனவே நாளாந்தம் விரலைக் குத்திக் கவலைப்படுவதை விட்டு, ஆய்வுகூடத்தில் ஒருமுறை வெறும் வயிற்றுச் சீனியும், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சியும் பாருங்கள். கர்ப்பத்தில் சீனி வந்த பெண்களுக்கு இரண்டாம் வகை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவத்தின் பின் பத்து வருடமாக நீங்கள் ஒழுங்காகப் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்தில் இதற்குப் பணம் எடுப்பதில்லை. இடுப்புச் சுற்றளவையும் அங்கே அளந்து தரச் சொல்லுங்கள். எங்கள் நாட்டுப் பெண்களுக்கு அது 80 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. முடிவு எதுவானாலும் இனி வருடம் ஒருமுறை பாருங்கள், வீட்டில் மற்றவர்களின் கிளினிக் நாட்களுக்காக உங்கள் நாளைத் தள்ளிப்போடாமல்.