நெஞ்சு வலி இல்லாவிட்டாலும் இதயத்தைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. 9 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது, அன்றிலிருந்து இன்சுலின்தான். கொஞ்ச நாளாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தாடை வலிக்கிறது. நின்றால் சரியாகிவிடுகிறது. லோ சுகரோ என்று பார்த்தால் 130 இருந்தது. நெஞ்சு வலி இல்லை, ஈசிஜி நார்மல். வீட்டில் கேஸ் என்கிறார்கள். டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை எழுதியிருக்கிறார். என் கொலஸ்ட்ரால் நன்றாகத்தானே இருக்கிறது? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: மாத்திரைக்கு அப்புறம் வருகிறேன். முதலில், இந்த வாரமே ஒரு இதய மருத்துவரைப் பாருங்கள். படி ஏறும்போது வந்து, நின்றதும் அடங்கும் தொல்லையைக் கேஸ் என்று தள்ளிவிடக் கூடாது. இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் போனால் இப்படித்தான் இருக்கும். உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நெஞ்சு வலி இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். பல வருடச் சர்க்கரையில் இதயத்துக்குப் போகும் நரம்புகளும் பழுதாகும். அடைப்பு இருந்தும் வலி தெரியாமல் போகலாம். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜியும் பல சமயம் நார்மலாகவே இருக்கும். அதனால் டிரெட்மில் டெஸ்ட், எக்கோ, தேவைப்பட்டால் இதய ரத்தக் குழாய்களை ஸ்கேனில் பார்க்கும் சிடி ஆஞ்சியோ என்று போவார்கள். ஆஞ்சியோவுக்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்பதும் முக்கியம். சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு இதய நோய் அபாயம் பல மடங்கு கூடுகிறது.

உங்கள் வயது 36 என்றாலும் ரத்தக் குழாய்கள் 27 வருடம் சர்க்கரையைத் தாங்கியிருக்கின்றன. 2018இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், 10 வயதுக்குள் டைப் 1 வந்தவர்களுக்கு இதய நோய் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 30 மடங்கு. பெண்களுக்கு இன்னும் அதிகம். இளம் வயதில் மற்றவர்களுக்கு மாரடைப்பு மிக அரிது, அதனால்தான் எண் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை, "இந்த வயதில் என்ன இதய நோய்" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 பேரிடம் நடந்த ஆய்வில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய குழுவையும் வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவையும் அதன் பிறகும் தொடர்ந்து கவனித்தார்கள். 2005இல் பார்த்தபோது இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு இதய, ரத்தக் குழாய் பாதிப்புகள் 42 சதவீதம் குறைவு. பின்னாளில் இரு குழுவினரின் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்ட பிறகும் அந்த நன்மை நீடித்தது.

இப்போது ஸ்டேடின். டைப் 1இல் நல்ல கொலஸ்ட்ரால் அதிகமாகக் காட்டினாலும் அது காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. ரிப்போர்ட் எண்ணோடு உங்கள் ஒட்டுமொத்த அபாயத்தையும் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு போட வேண்டும் என்று முந்தின நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.