மே மாதம் ஆல்ப்ஸில் ஸ்கீ கற்கலாமா?

கேள்வி: நான், கணவர், 13 மற்றும் 9 வயதில் இரண்டு பிள்ளைகள். யாருக்கும் பனிச்சறுக்கு தெரியாது. சுவிட்சர்லாந்தில் ஸெர்மாட் என்ற மலைக்கிராமத்துக்கு மே விடுமுறையில் ஆறு நாள் ‘ஸ்கீ பேக்கேஜ்’ தருவதாக ஒரு டிராவல் ஏஜென்ட் சொல்கிறார். “அங்கே வருடம் முழுக்க ஸ்கீ உண்டு, இன்சூரன்ஸும் இதிலேயே அடக்கம்” என்கிறார். முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறார். நம்பலாமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: மே மாதம் வேண்டாம்.

ஏஜென்ட் சொல்வது பொய் இல்லை. அதுதான் சிக்கலே. ஸெர்மாட்டில் வருடம் முழுக்க ஸ்கீ உண்டுதான். ஆனால் எங்கே? ஊர் இருப்பது சுமார் 1,600 மீட்டர் உயரத்தில். மே மாதம் அங்கே புல்தான் முளைத்திருக்கும். குளிர்கால சீசன் முடிந்து கோடை சீசன் தொடங்காத நேரம் என்பதால் பல ஹோட்டல்களும் கடைகளும் பூட்டிக் கிடக்கும். சறுக்குவது வெகு மேலே, பனியாற்றின் மீது. ரோப் கார் கடைசியாக இறக்கிவிடும் இடம் 3,883 மீட்டர். நம் தொட்டபெட்டாவே 2,637தான். ஒரே மூச்சில் அவ்வளவு உயரம் ஏறினால் தலைவலியும் குமட்டலும் வருவது சகஜம். அந்த நிலையில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு பூட்ஸை மாட்டிவிட்டு என்ன கற்றுக்கொடுப்பது? வெயில் ஏற ஏறப் பனி இளகிவிடும் என்பதால் கோடையில், சறுக்குகிறவர்களைச் சரிவின் மேலே ஏற்றும் லிஃப்டுகளைச் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள். 2022இல் வெப்பம் தாங்காமல் ஜூலை கடைசியில் அங்கேயும் ஸ்கீயை நிறுத்தும்படி ஆகிவிட்டது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஏற்கெனவே நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர் மே மாதம் போகலாம். ‘நன்றாக’ என்றால், ஆல்ப்ஸில் எளிய பாதைக்கு நீலம், நடுத்தரத்துக்குச் சிவப்பு, கடினமானதற்குக் கறுப்பு என்று நிறம் வைத்திருக்கிறார்கள். அதில் சிவப்புப் பாதையில் விழாமல் இறங்கி, நினைத்த இடத்தில் நிற்கத் தெரிய வேண்டும். அவரும் முதல் இரண்டு இரவு ஊரில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு, காலையில் முதல் ரோப் காரில் ஏறி, பனி இளகுமுன் இறங்கிவிட வேண்டும். குல்மார்கில் ஒரு நாள் பலகை மாட்டிப் பார்த்ததெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இது உங்களுக்கு இல்லை.

சரி, எப்போது போவது? மார்ச் கடைசி. ஆண்டுத் தேர்வு முடிந்து புது வகுப்பு தொடங்கும் முன் ஒரு வாரம் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் அப்போது பனி தாராளமாக இருக்கும், பகலும் நீளம். கிறிஸ்துமஸ் வாரத்தில் விலை எட்டாது. பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளிகளுக்கே விடுமுறை.

ஸெர்மாட்டையே வைத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து சுன்னெகா என்ற இடத்துக்குச் சுரங்கத்துக்குள் ஒரு ரயில் ஏறுகிறது. பழனி விஞ்ச் பூமிக்கடியில் ஓடினால் எப்படியோ, அப்படி. சில நிமிடங்களில் 2,288 மீட்டரில் இறக்கிவிடும். புதியவர்களுக்கான இளஞ்சரிவு அங்கே இருக்கிறது. செலவைக் குறைக்க வேண்டுமானால் ஆஸ்திரியாவில் ஓபர்குர்கல். கிராமமே 1,900 மீட்டருக்கு மேல் இருப்பதால் மார்ச் கடைசியிலும் பனிக்குப் பஞ்சமில்லை. குழு வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்களில்தான் தொடங்கும். புதன்கிழமை கொண்டுபோய் இறக்கும் பேக்கேஜ் வாங்கினால், தனி ஆசிரியருக்குக் காசு அழ வேண்டியதுதான். முதல் இரண்டு நாள் இளஞ்சரிவிலேயே கழியும். அந்த நாட்களுக்கு மலை முழுவதற்குமான லிஃப்ட் பாஸையும் உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள்.

இனி இன்சூரன்ஸ். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ‘இதிலேயே அடக்கம்’ என்று ஏஜென்ட் சொல்வது அநேகமாக அந்தப் பாலிசிதான். விசாவுக்கு அது போதும், ஸ்கீக்குப் போதாது. அத்தகைய பாலிசிகள் பலவற்றில் ‘பொருந்தாதவை’ என்ற பகுதியில், பொடி எழுத்தில், குளிர்கால விளையாட்டும் சாகச விளையாட்டும் உட்கார்ந்திருக்கும். பயணத் திட்டத்தில் ‘ஐந்து நாள் ஸ்கீ வகுப்பு’ என்று நீங்கள் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாலும், விசா விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிறவர் இந்தப் பாலிசி அதற்கு உதவாது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அவருக்கு வேண்டியது 30,000 என்ற எண். அது இருந்தால் டிக் போட்டுவிடுவார். எத்தனை முறை சொல்லியாயிற்று!

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் முதல் நாள் மத்தியானமே அப்பாவுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. பாலிசி கையில் இருந்தது, பத்துப் பைசா வரவில்லை. அங்கே சரிவிலிருந்து சறுக்குப் படுக்கையில் வைத்துக் கீழே இறக்குவதற்கே பில் உண்டு. ஹெலிகாப்டர் வந்தால் ஆயிரக்கணக்கில் ஃபிராங்க். ஆகவே குறியிட்ட பாதையில் சறுக்குவதற்குப் பாதுகாப்பு உண்டா, மலையிலிருந்து மீட்கும் செலவு சேருமா, நீங்கள் இன்னொருவர் மேல் மோதினால் அவர் கேட்கும் இழப்பீடு சேருமா என்ற மூன்றையும் கேளுங்கள். “எல்லாம் கவர் ஆகும் மேடம்” என்பது பதில் ஆகாது. பாலிசியில் எந்தப் பக்கம் என்று காட்டச் சொல்லுங்கள்.

‘ஸ்கீ’ என்ற சொல்லையும் உரசிப் பாருங்கள். ‘ஸ்னோ ஆக்டிவிட்டி’ என்று போட்டிருந்தால், இரண்டு மணி நேரம் ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து சறுக்கிவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதாகவே பெரும்பாலும் இருக்கும். ஹோட்டல் ‘ஸெர்மாட் பகுதி’யில் என்றால் டேஷ் என்ற கீழ் ஊராக இருக்கலாம். ஸெர்மாட்டுக்குள் கார் போகாது, டேஷில் நிறுத்திவிட்டு 12 நிமிடம் ரயிலில் வர வேண்டும். டேஷில் தங்குவது குற்றமில்லை, ஆனால் ஸெர்மாட் விலைக்கு டேஷில் தங்கக் கூடாது. தினமும் அந்த பூட்ஸோடு ரயில் ஏறி இறங்கிப் பார்த்தால் தெரியும்.

பலகையும் பூட்ஸும் ஹெல்மெட்டும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். கடையில் உங்கள் எடை கேட்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள். விழும்போது பலகை எவ்வளவு விசையில் பூட்ஸிலிருந்து கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் திருகுவார்கள். கழல வேண்டிய நேரத்தில் கழலாவிட்டால் முழங்கால் போயிற்று.

கடைசியாகப் பணம். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் முடியாது. ஆனால் நேர்முக நேரம் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். விசாவுக்கு முன்பதிவு காட்டினால் போதும், முழுப் பணம் கட்டிய டிக்கெட் தேவையில்லை. விசா கிடைக்கும் என்று எந்த ஏஜென்டும் உறுதி தர முடியாது. அப்படிச் சொல்லி முழுத் தொகையையும் கேட்கிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், மே பயணத்தை மார்ச்சுக்கு மாற்ற எவ்வளவு பிடிப்பார், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும் என்று இன்றைக்கே அவரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் வேண்டாம்.